மொத்தக் காட்மியம் ஒன்றே. அமில மண்ணில் மட்டும் அது செடிக்கு ஏறுவது ஏன்?

மண்கட்டி எழுதியது:

வணக்கம். மண் பரிசோதனை முடிவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் குழம்பிப் போயிருக்கிறேன்; விவரம் தெரிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

அடுத்தடுத்த இரண்டு பாத்திகள். இரண்டுக்கும் தாய்மண் ஒன்றுதான். பல ஆண்டுகளுக்கு முன் இரண்டிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கசடு ஒரே அளவில் கொட்டப்பட்டது. ராஜதிராவகத்தில் (செறிந்த நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) கரைத்து அளந்தபோது, காட்மியம் என்னும் நச்சு உலோகத்தின் மொத்த அளவு இரண்டிலும் ஏறத்தாழச் சமமாகவே வந்திருக்கிறது. முதல் பாத்தியின் பிஎச் (அமில–கார அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 7.1, இரண்டாவதின் பிஎச் 5.3. ஆனால் அங்ககக் கரிமம் இரண்டாவது பாத்தியில்தான் கூடுதலாக இருக்கிறது, ஏனென்றால் அதற்கு மக்கிய உரம் தொடர்ந்து போடப்பட்டது. அதோடு அம்மோனியம் சல்பேட்டும் அதில் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மட்கு, அதாவது மண்ணில் மக்கிய கரிமப் பொருள், உலோகங்களைப் பிடித்து வைக்கும் என்றுதான் எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அப்படியானால் இரண்டாவது பாத்தியில் வளர்ந்த கீரையில் காட்மியம் குறைவாக இருந்திருக்க வேண்டும். அதற்கு நேர்மாறாக அதில்தான் தெளிவாகக் கூடியிருக்கிறது. அமிலத்தன்மையும் கரிமப் பொருளும் எதிரெதிராக இழுக்கும்போது எது வெல்கிறது, ஏன் வெல்கிறது? சுண்ணாம்பும் இன்னும் கொஞ்சம் மக்கிய உரமும் இட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். அதை அப்படியே நம்பலாமா? மண்ணில் செம்பும் சிறிதளவு ஆர்செனிக்கும் இருக்கின்றன என்பதால் கேட்கிறேன்.

---

வடிதாள் எழுதியது:

உங்கள் இரண்டு பாத்திகளுக்கும் இடையே பிஎச் வேறுபாடு 1.8 என்று பார்க்கும்போது சிறிதாகத் தோன்றும். பிஎச் மடக்கை அளவு (ஓர் அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகும்) என்பதால், இரண்டாவது பாத்தியின் மண்கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் முதல் பாத்தியைக் காட்டிலும் சுமார் 63 மடங்கு இருக்கின்றன. அந்த அயனிகள் அனைத்தும் காட்மியம் ஒட்டிக்கொள்ள வேண்டிய அதே இடங்களுக்குத்தான் போட்டியிடுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகவே புரியும்.

மண்ணில் காட்மியம், துத்தநாகம், நிக்கல், செம்பு, ஈயம் ஆகியவை பெரும்பாலும் இரட்டை நேர்மின் அயனிகளாகத் திரிகின்றன. அவற்றைப் பிடித்து வைப்பவை களித்தாதுக்கள், இரும்பு மற்றும் மாங்கனீசு ஆக்சைடுகள், மட்கு ஆகிய மூன்று. களித்தாதுக்களின் மின்சுமையில் ஒரு பகுதி நிலையானது. ஆக்சைடுகளின் மேற்பரப்புச் சுமையோ பிஎச் மாற மாறக் கூடவும் குறையவும் செய்கிறது. அமில நிலையில் இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பு நேர்மின் சுமை ஏற்று உலோக அயனியைத் தள்ளிவிடும். பிஎச் உயரும்போது அதே மேற்பரப்பு ஹைட்ரஜனை இழந்து உலோகத்தை ஏற்றுக்கொள்ளும். இந்த மாற்றம் படிப்படியாக நிகழ்வதில்லை. ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு குறுகிய பிஎச் வரம்பு உண்டு. அதற்குள் ஒட்டும் அளவு மிகக் குறைவிலிருந்து கிட்டத்தட்ட முழுமைக்குத் தாவிவிடுகிறது. ஈயமும் செம்பும் அமிலப் பக்கத்திலேயே ஒட்டத் தொடங்கிவிடும். துத்தநாகம் அதற்குப் பிறகு. காட்மியம் கடைசியில்தான் வரும்.

இந்த வரிசைக்குக் காரணம் அந்த உலோகங்கள் நீரோடு வினைபுரியும் எளிமை. ஈயமும் செம்பும் தங்களைச் சூழ்ந்த நீர்மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிஎச் 8-ஐ ஒட்டிய நிலையிலேயே பாதியளவு உதறிவிடுகின்றன. துத்தநாகத்துக்கு அது 9 வாக்கில் நிகழ்கிறது, காட்மியத்துக்கோ 10 வேண்டும். நீரோடு எளிதில் வினைபுரியும் உலோகம் ஆக்சைடின் மேற்பரப்போடும் எளிதில் பிணைகிறது என்பது பொதுவான போக்கு. அதனால்தான் ஒரே கசட்டில் வந்த ஈயம் அசையாமல் கிடக்க, காட்மியம் மட்டும் நழுவிச் செடிக்குள் போய்விடுகிறது.

இப்போது உங்கள் மட்குக்கு வருகிறேன். மட்கின் பிடிப்பு ஆற்றல் அதிலுள்ள கார்பாக்சில் மற்றும் பீனால் தொகுதிகளிலிருந்து வருகிறது. நடுநிலையை ஒட்டிய பிஎச் நிலையில் ஒரு கிலோ மட்கு 200 சென்டிமோல் அளவுக்கு நேர்மின் அயனிகளைப் பிடித்து வைக்கக்கூடியது. கயோலினைட் களி அதே எடைக்கு 15-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் அமிலம் கூடக் கூட அந்தத் தொகுதிகள் ஹைட்ரஜனைத் திரும்ப ஏற்றுக்கொண்டு மின்சுமையை இழக்கின்றன. போதாக்குறைக்கு, பிஎச் 5.5-க்குக் கீழே மண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வெளிவந்து மட்கின் எஞ்சிய இடங்களையும் பிடித்துக்கொள்கிறது. உங்கள் இரண்டாவது பாத்தியில் மட்கு இருக்கிறது என்பது உண்மை. அதன் கைகள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன என்பதும் உண்மை. ஆகவே காட்மியத்தைப் பொறுத்தவரை வெல்வது பிஎச் தான்.

அமிலத்தன்மை எங்கிருந்து வந்தது என்பதற்கும் உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. நன்கு மக்கிய உரம் பொதுவாக மண்ணை இவ்வளவு புளிக்க வைப்பதில்லை. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது ஒவ்வோர் அம்மோனியம் அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படுகின்றன; நெடுங்காலம் அம்மோனியம் சல்பேட் இட்ட நிலம் 5.3-இல் நிற்பது வியப்பில்லை. சுண்ணாம்பு இட்டு 6.5-க்குக் கொண்டுவாருங்கள், காட்மியச் சிக்கலின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

---

பழைய குடுவை எழுதியது:

வடிதாள் எழுதியது காட்மியத்துக்குச் சரி. செம்புக்கு இதே பாடத்தை ஒப்பிக்க முடியாது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆய்வகத்தில் நான் பலமுறை செய்து பார்த்த ஒரு எளிய சோதனை உண்டு. மட்கு நிறைந்த ஒரே மண்ணை இரண்டு குடுவைகளில் எடுத்து நீர் ஊற்றி, ஒன்றில் சுண்ணாம்பு நீரையும் மற்றொன்றில் எரிசோடாவையும் (சோடியம் ஹைட்ராக்சைடு) சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டையும் ஒரே பிஎச் அளவுக்கு உயர்த்தி, இரவு முழுவதும் குலுக்கி, காலையில் படிய விட வேண்டும். எரிசோடா விட்ட குடுவையில் மேல்நீர் கடுங்காப்பி நிறத்தில் கறுத்திருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் தெளியாது, வடிகட்டும் தாளையும் கறையாக்கிக்கொண்டு இறங்கும். சுண்ணாம்பு விட்ட குடுவையில் மண் திரண்டு கீழே அமர்ந்துவிட, மேலே லேசான மஞ்சள் மட்டும் நிற்கும். கார அமில நிலை ஒன்றே, நிறம் மட்டும் வேறு. கால்சியம் மட்கின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து அமர வைக்கிறது. சோடியத்துக்கு அந்தத் திறமை இல்லை, அது மட்கைக் கரைத்து மிதக்க விடுகிறது.

அந்தக் கறுப்பு நீரில் செம்பை அளந்து பாருங்கள். மற்றக் குடுவையை விடக் கூடுதலாக இருக்கும். கரையும் மட்கு, குறிப்பாகச் சிறிய மூலக்கூறுகளான ஃபல்விக் அமிலங்கள், செம்பை இறுகப் பற்றிக்கொண்டு அதையும் சேர்த்தே நீரில் இழுத்துச் செல்கின்றன. நடுநிலையை ஒட்டிய மண்களில் கரைசலில் உள்ள செம்பின் பெரும்பகுதி தனி அயனியாக இருப்பதில்லை, கரிமத்தோடு பிணைந்தே இருக்கிறது. இரட்டை மின்சுமை கொண்ட உலோகங்களில் மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு என்று பிணைப்பு வலிமை ஏறிச் சென்று துத்தநாகத்தில் மீண்டும் இறங்குகிறது என்பதை இர்விங்–வில்லியம்ஸ் வரிசை என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். அந்த வரிசையின் உச்சியில் இருப்பது செம்பு.

ஆகவே மட்குக்கு இரண்டு முகங்கள் உண்டு. மண்துகளோடு ஒட்டிய மட்கு சங்கிலி. நீரில் கரைந்த மட்கு வண்டி. அமில மண்ணில் பிஎச் உயரும்போது செம்பின் தனி அயனி குறைந்துகொண்டே போகும்; ஆனால் கரைசலில் உள்ள மொத்தச் செம்பு ஓர் அளவு வரை குறைந்து, பிறகு கரையும் மட்கு பெருகுவதால் மறுபடியும் ஏறக்கூடும். வேர் பெரும்பாலும் தனி அயனியைத்தான் உறிஞ்சுகிறது என்பதால் செடிக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் நிலத்தடி நீருக்கு எது இறங்குகிறது என்று கேட்டால் விடை வேறாகிவிடுகிறது. "உலோகம் நகர்கிறதா?" என்று கேட்பதற்கு முன் யாருக்கு, எங்கே என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மக்கிய உரத்தின் வயதும் முக்கியம். பாதி மக்கிய எருவைப் போட்டால் முதல் சில வாரங்களில் கரையும் கரிமம் ஏராளமாக வெளிப்படும்; செம்பு உள்ள மண்ணில் அதை நான் தவிர்ப்பேன். நன்கு முதிர்ந்ததைச் சுண்ணாம்போடு சேர்த்து இடுவது பாதுகாப்பானது, ஏனென்றால் சுண்ணாம்பின் கால்சியமே மட்கைக் கட்டிப் போடுகிறது. ஒரு எச்சரிக்கை: ஜிப்சத்தையும் சுண்ணாம்பையும் ஒன்றாகக் கருதுபவர்கள் உண்டு. ஜிப்சத்திலும் கால்சியம் இருக்கிறது, ஆனால் அது பிஎச் அளவை உயர்த்தாது. அமில மண்ணில் காட்மியத்துக்கு அதனால் பயனில்லை, போட்டிக்கு வரும் கால்சியத்தால் காட்மியம் கொஞ்சம் கழன்று வரவும் கூடும்.

---

மண்கட்டி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அந்தக் கறுப்பு நீர்ச் சோதனையை நானே செய்து பார்க்கப் போகிறேன். ஆர்செனிக்கைப் பற்றி இருவருமே தொடவில்லை, அதற்கும் 6.5 நல்லதுதானா?

---

ஈரநிலம் எழுதியது:

"சுண்ணாம்பு இட்டால் அடங்கிவிடும்" என்ற வரியைப் படித்ததும் இதற்கு மறுமொழி எழுத உட்கார்ந்தேன். ஆர்செனிக் நேர்மின் அயனி அன்று. காற்றோட்டமுள்ள மண்ணில் அது ஆர்சினேட் என்னும் எதிர்மின் அயனியாக இருக்கிறது; எனவே மேலே சொன்ன கதை அப்படியே தலைகீழாகிறது. அமில நிலையில் நேர்மின் சுமை ஏறிய இரும்பு ஆக்சைடு காட்மியத்தைத் தள்ளுகிறது, ஆர்சினேட்டையோ அணைத்துக்கொள்கிறது. பிஎச் உயர உயர அந்த அணைப்பு தளர்கிறது. குரோமேட், மாலிப்டேட், செலினேட் ஆகியவையும் இதே குடும்பம்தான். 5.3-இலிருந்து 6.5-க்குப் போவதால் பெரிய ஆபத்து வந்துவிடாது. 8-ஐத் தாண்டும் அளவுக்குக் கைநிறையச் சுண்ணாம்பைக் கொட்டினால்தான் ஆர்செனிக் கரைசலுக்கு வரத் தொடங்கும். அப்படிக் கொட்டினால் துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு ஆகிய சத்துகளும் செடிக்குக் கிடைக்காமல் போகும், துத்தநாகம் போதாத செடி காட்மியத்தைக் கூடுதலாக உள்ளே இழுக்கும் போக்கும் உண்டு. ஆகவே காட்மியத்துக்கே அது கெடுதல்.

மக்கிய உரத்தோடு ஆர்செனிக்குக்கு இரண்டு வகைத் தகராறு இருக்கிறது. உரத்திலுள்ள பாஸ்பேட் வடிவத்தில் ஆர்சினேட்டின் உடன்பிறப்பு போன்றது; இரும்பு ஆக்சைடின் மேல் அதே இருக்கைக்குப் போட்டியிட்டு ஆர்சினேட்டை எழுப்பிவிடுகிறது. ஈயத்தை அசையாமல் கட்டிவைக்கப் பாஸ்பேட் இடுவது நல்ல முறைதான், ஏனென்றால் பைரோமார்ஃபைட் என்னும் ஈயப் பாஸ்பேட் நீரில் மிக அரிதாகவே கரையும். ஆனால் ஆர்செனிக்கும் சேர்ந்து கிடக்கும் மண்ணில் அதே மருந்து வேறு நோயைக் கிளப்பிவிடும். இரண்டாவது தகராறு நீர் தேங்கும் நிலத்தில் வருகிறது. மண்ணில் நீர் நின்று ஆக்சிஜன் தீர்ந்ததும், நுண்ணுயிரிகள் கரிமப் பொருளை உண்பதற்கு இரும்பு ஆக்சைடையே ஆக்சிஜனுக்கு மாற்றாகப் பயன்படுத்துகின்றன. ஆக்சைடு கரைகிறது, அதன் மேல் உட்கார்ந்திருந்த ஆர்செனிக்கும் நீரில் விழுகிறது. எளிதில் மக்கும் கரிமப் பொருள் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வேகமாக இது நடக்கும்.

விந்தை என்னவென்றால், அதே தேங்கிய நீரில் சல்ஃபேட் சல்ஃபைடாக மாறுவதால் காட்மியம் காட்மியம் சல்ஃபைடாகப் படிந்து அடங்கிவிடுகிறது. நீரை வடித்ததும் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றமடைந்து அமிலத்தையும் காட்மியத்தையும் ஒன்றாக வெளிவிடுகிறது. நெல் வயலில் நீரை நிறுத்தினால் ஆர்செனிக், வடித்தால் காட்மியம் என்ற இக்கட்டு உலகெங்கும் ஆய்வாளர்களை அலைக்கழிப்பது இதனால்தான். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பகுதியில் சுரங்கக் கழிவால் மாசுபட்ட நீர் பாய்ந்த வயல்களின் அரிசி வழியாகத்தான் பெரும்பாலும் இத்தாய்-இத்தாய் என்னும் எலும்பை நலிவிக்கும் நோய் வந்தது. காட்மியம்தான் காரணம் என்று 1968-இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது.

குரோமியத்தில் மட்டும் மட்கு முழுக்க முழுக்க நல்லவர். நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்தை அது மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிடுகிறது, அமில நிலையில் இன்னும் விரைவாக. உங்கள் பட்டியலில் குரோமியம் இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

---

வடிதாள் எழுதியது:

ஈரநிலம் சொன்னதை ஏற்கிறேன். ஆர்செனிக்கை மறந்து பொதுவாக எழுதிவிட்டது என் பிழை. 6.5 என்ற இலக்கை மட்டும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

ஆனால் அதை அடைவது எளிதென்று நினைக்க வேண்டாம். பிஎச் மானி கரைசலில் உள்ள அமிலத்தை மட்டுமே காட்டுகிறது. மட்கிலும் களியிலும் ஒட்டியுள்ள சேமிப்பு அமிலம் அதைவிடப் பன்மடங்கு. மட்கு மிகுந்த உங்கள் இரண்டாவது பாத்திக்கு, மட்கு குறைந்த மண்ணைவிடக் கூடுதல் சுண்ணாம்பு தேவைப்படும். சுண்ணாம்பு மண்ணில் கீழ்நோக்கி மெல்லத்தான் நகர்கிறது. மேலே தூவிவிட்டு மேல்மண்ணைச் சோதித்தால் 6.5 என்று வரும், கீழே வேர் இன்னும் 5.3-இல் இருந்து காட்மியத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். உழவு ஆழம் முழுவதும் கலக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அளக்கவும் வேண்டும். அம்மோனியம் சல்பேட்டை நிறுத்தாவிட்டால் இட்ட சுண்ணாம்பு வீண்.

---

பழைய குடுவை எழுதியது:

அளவீட்டைப் பற்றியும் சில வார்த்தைகள். உங்கள் இரண்டு பிஎச் அளவுகளும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவைதானா என்று பாருங்கள். அதே மண்ணை நீரில் கலந்து அளப்பதற்கும் 0.01 மோலார் கால்சியம் குளோரைடில் கலந்து அளப்பதற்கும் பெரும்பாலும் அரை அலகு அல்லது அதற்கு மேலும் வேறுபாடு வரும்; பின்னதில்தான் குறைவாகக் காட்டும்.

ராஜதிராவக அளவு மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால் அதே நீர்த்த கால்சியம் குளோரைடில் மண்ணைக் குலுக்கி, வடித்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் பாத்திகள் இரண்டும் இந்தச் சோதனையில்தான் பிரிந்து நிற்கும். ஐரோப்பாவில் கசடு இடுவதற்கான 1986-ஆம் ஆண்டு நெறிமுறைகூட, மண்ணில் காட்மியத்தின் வரம்பைக் கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்று சொல்லும்போது, அது பிஎச் 6 முதல் 7 வரையுள்ள மண்ணுக்கு என்று சேர்த்தே குறிப்பிடுகிறது. பிஎச் சொல்லாமல் ஒரு வரம்பை மட்டும் எடுத்துக்காட்டும் அறிக்கைகளை நான் மதிப்பதில்லை.

கசட்டிலுள்ள கரிமம் மக்கித் தீர்ந்ததும் அது பிடித்து வைத்த உலோகம் முழுவதும் ஒரு நாள் அவிழ்ந்துவிடும் என்ற அச்சம் பழையது. இங்கிலாந்தின் வோபர்னில் 1942 முதல் 1961 வரை கசடு இட்ட நிலத்தின் மண்மாதிரிகளைச் சேமித்து வைத்துப் பின்னாளில் ஆய்ந்தார்கள். கசடு நிறுத்திய பின் 23 ஆண்டுகளில், கால்சியம் குளோரைடில் பிரிந்து வரும் காட்மியத்தின் பங்கும் துத்தநாகத்தின் பங்கும் ஏறி இறங்கினவே தவிர, தொடர்ச்சியாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காட்மியத்தில் மொத்தத்தின் 4 முதல் 18 விழுக்காடும், துத்தநாகத்தில் 0.5 முதல் 3 விழுக்காடும் அப்படிப் பிரிந்து வந்தன. அவிழ்ந்துவிடவில்லை என்பது ஆறுதல்; காலம் அதைக் கட்டிப் போடவும் இல்லை என்பதை மறக்கக்கூடாது. இரண்டு உலோகங்களின் அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காட்மியம் எவ்வளவு நழுவக்கூடியது என்ற வடிதாளின் விளக்கம் அங்கேயே தெரிகிறது.

---

மண்கட்டி எழுதியது:

தெளிவாயிற்று. இரண்டாவது பாத்தியின் மண்ணைத் தொட்டிகளில் எடுத்து, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றில் சுண்ணாம்பு மட்டும், ஒன்றில் முதிர்ந்த மக்கிய உரம் மட்டும், ஒன்றில் இரண்டும் என்று வைத்துக் கீரை வளர்க்கிறேன். ஒவ்வொன்றிலும் கால்சியம் குளோரைடில் பிரியும் காட்மியம், செம்பு, ஆர்செனிக் மூன்றையும் அளப்பேன். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்கிறேன். விட்டுப்போனது ஏதேனும் உண்டா?

---

ஈரநிலம் எழுதியது:

இரண்டு. மக்கிய உரத்தையும் இடும் முன்பே உலோகங்களுக்குச் சோதித்துவிடுங்கள். செம்பும் துத்தநாகமும் கலந்த தீவனம் உண்ட கால்நடைகளின் எருவிலிருந்து வந்ததாக இருந்தால் நீங்களே செம்பை மேலும் சேர்க்கிறீர்கள். அடுத்தது, பாய்ச்சும் நீரின் உப்பு. குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து கரையக்கூடிய அயனிகளை உண்டாக்கி அதை வேருக்குக் கொண்டு சேர்க்கும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே நன்னீரை ஊற்றாவிட்டால் சுண்ணாம்பின் பலனை அளக்கிறீர்களா உப்பின் வேலையை அளக்கிறீர்களா என்றே தெரியாது.

---

பழைய குடுவை எழுதியது:

மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலைகளைப் பறித்ததும் ஓடும் நீரில் ஒருமுறையும் வடிநீரில் இருமுறையும் கழுவி, அடிக்காம்பில் ஒட்டிய மண்ணைத் தேய்த்து நீக்கிய பிறகே உலர்த்துங்கள். இலையின் மடிப்பில் தங்கும் ஒரு சிட்டிகை மண்தூசியே, ஆர்செனிக்கைப் போல வேர் வழியாகக் குறைவாக ஏறும் தனிமங்களில், முழு அளவீட்டையும் புரட்டிவிடும்.